பால்கனி டெக் கறையும் உங்க அட்வான்ஸ் பணமும்

வாடகை ஃபிளாட் பால்கனியில டபிள்யூபிசி டெக் இருக்கா? கார்த்திகைக்கு வெச்ச அகல் விளக்கு எண்ணெய் அதுல கறையா நிக்குதா? டீப் கிளீனிங் ஆளுக்கு உடனே போன் போடாதீங்க. என்னைக் கேட்டா அது வேண்டாத செலவு.

இந்தப் பலகை மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. எண்ணெய் மரத்தூளுக்குள்ள இறங்கிட்டா எடுக்கிறது கஷ்டம். அதனால அன்னிக்கே டிஷ்யூவால் ஒற்றி எடுங்க. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட், மென்மையான பிரஷ். கோடு போற திசையிலேயே தேய்ச்சு, சோப்பு காயறதுக்குள்ள நல்லா அலசிடுங்க. பழைய கறைன்னா ரெண்டு மூணு தடவை ஆகும், பொறுமை வேணும்.

கம்பி நார், ஆசிட், தின்னர் பக்கமே போகாதீங்க. என் முதல் வாடகை வீட்டுல நான் கம்பி நாரைத்தான் எடுத்தேன். எண்ணெய் போச்சு, கீறல் நின்னுச்சு. காலி பண்றப்ப ஓனர் அந்தக் கீறலுக்கு அட்வான்ஸ்ல 4,000 ரூபாய் பிடிச்சுக்கிட்டார்.

புதுசா குடி போறவங்க, சாவி வாங்குற அன்னிக்கே பால்கனியை போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. நான் அனுப்பல. எனக்கு முன்னாடி இருந்தவர் போட்ட கீறலுக்கும் சேர்த்துத்தான் அந்த 4,000.