ஓடாதா, ஓட விடமாட்டார்களா?

எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பர் உண்டு, கோயமுத்தூர்க்காரர். கணினியில் எந்தச் சந்தேகம் கேட்டாலும் அவரிடம் ஒரே கஷாயம்தான்: "புதுசா ஒண்ணு வாங்கிடுங்க சார்". 2025 தீபாவளி வாரத்தில் லிப்டில் மாட்டினார். வீட்டுப் பொட்டியில் லினக்ஸ் போட்டுவிட்டேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அய்யய்யோ, பையன் கேம்ஸ் ஆடுவானே! லினக்ஸ்ல கேம்ஸ் ஓடாதுங்க. எழுபதாயிரம் போட்டா நல்ல லேப்டாப்பே வருமே". நாலாவது மாடி வருவதற்குள் என் காசில் எழுபதாயிரத்தைச் செலவழித்துவிட்டார் மனுஷன்.

காசைப் பற்றிக்கூட எனக்குக் கவலையில்லை. அந்த "ஓடாது" என்கிற வார்த்தைதான் உறுத்துகிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் பொட்டியின் ஜாதகம். 2017ல் புனே வந்த புதிதில் வாங்கியது. ஏழாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி நினைவகம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. இன்றைக்கும் ஒரு குறையில்லை. ஆனால் விண்டோஸ் 11க்கு, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. ஒரு வருஷம் நீட்டிப்பு உண்டு என்றார்கள். வீட்டுக்காரர் "இன்னும் பதினோரு மாசம் இருந்துக்கோங்க" என்று சொல்கிற மாதிரி. வாடகை வீட்டிலேயே காலம் தள்ளும் நமக்கு அதன் அர்த்தம் தெரியாதா என்ன? லினக்ஸ் மின்ட் போட்டேன்.

இப்போது விண்டோஸ் விளையாட்டு லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்பதை அந்த நண்பருக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். என் மாமியார் ஊரிலிருந்து வந்தால் காலையில் காய்கறி வண்டிக்காரனிடம் போய் "முருங்கைக்காய் இருக்காப்பா?" என்று சுத்தத் தமிழில் கேட்பார். அவன் முழிப்பான். பின்னால் நிற்கும் தங்கமணி "ஷேவ்கா" என்பார். காய் வந்துவிடும். மாமியார் மராத்தி படிக்கவில்லை, வண்டிக்காரன் தமிழ் படிக்கவில்லை, வண்டியும் அதேதான். விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டு "ஒரு ஜன்னலைத் திற, இந்தக் கோப்பைப் படி" என்று விண்டோஸிடம்தான் கேட்கும். அதற்கு லினக்ஸில் பதில் சொல்ல நிற்கும் தங்கமணியின் பெயர் வைன். கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலியாக உருவாக்கும் வேலையல்ல இது. அதனால்தான் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. படம் வரைவதற்கு மட்டும் தனி மொழிபெயர்ப்பாளர்: டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே.

வைன் 1993ல் தொடங்கியது. 1.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜூனில். பதினைந்து வருஷம்! பெங்களூரில் பேச்சிலர் அறையில் இருந்த காலத்தில் நானும் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். விளையாட்டு திறக்கும், சத்தம் வராது. சத்தம் வந்தால் மவுஸ் போய்விடும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வழியாக எல்லாம் வந்ததும் தூக்கம் வந்துவிடும் :-) அந்தக் காலத்தில் "ஓடாது" என்று நண்பர் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வைன், டிஎக்ஸ்விகே எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ப்ரோட்டான் என்று ஸ்டீமுக்குள்ளேயே வைத்தபோது கதை மாறியது. 2022ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கைக்கருவியே லினக்ஸில்தான் ஓடுகிறது. அதை விற்க வேண்டிய நெருக்கடியில் அவர்கள் செய்த வேலை என் பழைய பொட்டிக்கும் வந்து சேர்ந்தது.

என்ன செய்தேன்? ஸ்டீமை நிறுவினேன், பட்டனை அமுக்கினேன், அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் ப்ரோட்டான்டிபி தளத்தில் மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. வேறு கடைகளில் வாங்கிய விளையாட்டுகளுக்கு ஹீரோயிக், லூட்ரிஸ் இருக்கின்றன. நான் செய்த ஒரே முட்டாள்தனம், பழைய விண்டோஸ் வட்டில் இருந்த விளையாட்டுகளை அங்கேயே வைத்து ஓட்டப் பார்த்தது. அந்த என்டிஎஃப்எஸ் வட்டோடு ப்ரோட்டான் ஒத்துப்போகவில்லை. இரண்டு ராத்திரி போச்சு. மறுபடி லினக்ஸ் வட்டில் இறக்கியதும் சொன்ன பேச்சு கேட்டது. பையன் வைத்திருந்த பன்னிரண்டு விளையாட்டுகளில் பதினொன்று ஓடின.

அந்தப் பன்னிரண்டாவதுதான் வில்லங்கம்.

ஐந்து ஐந்து பேராக அணி சேர்ந்து சுடுகிற இலவச விளையாட்டு. பெயர் வேண்டாம். மகனுக்கு வயது பதினாலு. பள்ளியில் இங்கிலீஷ், கீழே மைதானத்தில் இந்தி, மராத்தி. வீட்டில் நாம் தமிழில் கேட்டால் பதில் எந்த மொழியில் வரும் என்பதை இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி மட்டும் அவன் தமிழன். பாளையங்கோட்டையில் தங்கமணியின் அண்ணன் மகன், அதாவது பேச்சுக்கு இல்லாமல் நிஜமான மச்சான், அந்தப் பக்கம் ஹெட்போனோடு உட்காருவான். "ஏலே, பின்னால வாரான் பாருல!" என்று இவன் கத்துவது சமையலறை வரை கேட்கும். எங்கம்மா ஒருமுறை போனில் அதைக் கேட்டுவிட்டு, "பேரன் நம்மூர்ப் பேச்சு பேசுதானே!" என்று உருகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு ரெண்டு வருஷம் காசு கட்டி வராதது அது.

அந்த விளையாட்டு லினக்ஸில் திறக்கவில்லை. மூன்று சனிக்கிழமை வீடு அமைதியாக இருந்தது.

இங்கேதான் நண்பரின் "ஓடாது" வருகிறது. வைனால் முடியாததா? இல்லை. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கிறேன் என்று அந்த விளையாட்டு கூடவே ஒரு காவலாளியை அனுப்புகிறது. அவன் வாசலில் நிற்க மாட்டான். இயங்குதளத்தின் கருவறைக்குள், கர்னலில், உட்காருவேன் என்கிறான். வைன் அந்த இடத்தில் இல்லை. லினக்ஸுக்கு வேறு காவலாளி போடவும் அவர்களுக்கு மனமில்லை.

எல்லாருக்கும் தெரிந்த உதாரணங்களைப் பாருங்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வருஷக்கணக்காக வைனில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 மே மாதம் வான்கார்டு என்ற கர்னல் காவலாளி வந்தான், நின்றது. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஸ்டீம் டெக்கிலேயே ஓடியது. 2024 அக்டோபர் 31 அன்று லினக்ஸ்காரர்களை மொத்தமாக வெளியே தள்ளினார்கள். இதையெல்லாம் விட வேடிக்கை ஃபோர்ட்நைட். ஈஸி ஆன்டி-சீட் என்ற காவல் மென்பொருள் எபிக் நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. ப்ரோட்டானில் அது வேலை செய்யும்படி 2021 செப்டம்பரில் அவர்களே வழி செய்தார்கள். விரும்புகிற நிறுவனங்கள் தங்கள் விளையாட்டுக்குத் திறந்துவிடலாம். ஆனால் தங்கள் ஃபோர்ட்நைட்டுக்கு மட்டும் அவர்கள் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் சாவி செய்து கொடுத்துவிட்டு, சொந்த வீட்டை மட்டும் பூட்டிவைத்த கதை. இதற்குப் பெயர் "ஓடாது" என்பதா? ஓட விடமாட்டேன் என்பதல்லவா?

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏமாற்றுக்காரர்கள் நிஜம். சுவருக்குப் பின்னால் இருப்பவனைப் பார்க்கிற மென்பொருளோடு ஒருத்தன் வந்தால் மற்ற ஒன்பது பேருக்கும் அன்றைய ஆட்டம் பாழ், இதை மகனே சொல்கிறான். லினக்ஸ்காரர்கள் கொஞ்சம் பேர் என்பதும் நிஜம். ஸ்டீம் கணக்கெடுப்பில் 2025 அக்டோபரில்தான் 3 சதவீதத்தையே தாண்டினோம். நமக்காகத் தனியாக ஆள் போட்டு வேலை பார்ப்பது நஷ்டம் என்று வெளிப்படையாகச் சொன்னால் மரியாதை கொடுத்திருப்பேன்.

ஆனால் விண்டோஸில் கர்னல் காவலாளி உட்கார்ந்த பிறகும் ஏமாற்றுக்காரர்கள் ஒழியவில்லையே? இந்தப் பொட்டியில்தான் நான் வங்கிக் கணக்கு பார்க்கிறேன், அம்மாவின் மருத்துவ அறிக்கைகளை வைத்திருக்கிறேன். கருவறையில் உட்காருகிறவன் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான புதுப்பிப்பில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. நம்மூர் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அது விளையாட்டு இல்லைதான். ஆனால் உட்கார்ந்திருந்த இடம் அதே இடம்.

நம் லினக்ஸ் பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. "எல்லாமே ஓடும்ணே" என்று சொல்லி ஆளைச் சேர்க்காதீர்கள். ஓடாத அந்த ஒன்று அந்த வீட்டுக்கு எதுவாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. நானும் மகனிடம் "எல்லாம் ஓடும்டா" என்றுதான் சொன்னேன். மூன்றாவது சனிக்கிழமை அவன் "நீங்க சொன்னீங்களேப்பா" என்று கேட்டபோது பதில் இல்லை.

நாலாவது வாரம் மச்சான் இறங்கி வந்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, 2019ல் வந்த புதுப்பதிப்பு, ஆட முடிவு செய்தார்கள். மைக்ரோசாஃப்டின் சொந்த விளையாட்டு, லினக்ஸில் ஜம்மென்று ஓடுகிறது பாருங்கள்! 2022ல் வந்த இந்திய விரிவாக்கத்தைத் தனிக் காசு கொடுத்து வாங்கினோம். அதில் திராவிடர் என்று ஒரு நாகரிகம், ராஜேந்திர சோழன் கதை, அந்த வீரர்கள் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். முதல்முறை கேட்டதும் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

இப்போது சனிக்கிழமை சத்தம் மறுபடி சமையலறை வரை கேட்கிறது. பழைய விளையாட்டை அவன் மறக்கவில்லை. ஞாயிறு மதியம் நண்பன் வீட்டுக்குப் போய் ஆடிவிட்டு வருகிறான், நானும் தடுப்பதில்லை. நேற்றுகூட, "அவங்க எப்பப்பா லினக்ஸுக்கு விடுவாங்க?" என்று கேட்டான். "தெரியலடா, அவங்களுக்கே எழுதிக் கேளு" என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறான், இங்கிலீஷில்.

லிப்ட் நண்பர் போன வாரம் புது லேப்டாப் வாங்கினார். பழையதை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மெத்தைக்கு அடியில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.