ஒலி ஒப்புமை உறவாகாது

தமிழின்பால் மெய்யான அபிமானம் கொண்டோர் பலர், பிற பாஷையொன்றில் வழங்கும் ஒரு சொல் ஒலியிலும் பொருளிலும் தமிழ்ச் சொல்லை ஒத்திருக்குமாயின், அது தமிழிலிருந்தே சென்றிருத்தல் வேண்டும் என்று மேடைதோறும் சொல்லிவருகின்றனர். ஆங்கிலத்தில் ஒன்றைக் குறிக்கும் ‘வன்’, எட்டைக் குறிக்கும் ‘எய்ட்’, கொரியர் தந்தையை அழைக்கும் ‘அப்பா’, அவர்கள் தம்மைச் சுட்டும் ‘நன்’ ஆகியவை இதற்குச் சான்றுகளாக அடுக்கப்படுகின்றன. இக்கூற்றின் அடியிலுள்ள எண்ணம் அன்பிற் பிறந்தது என்பதை நான் மனமார ஒப்புகிறேன். ஆயினும் கூற்று தவறானது.

ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்தால் மூலமும் ஒன்றே என்பது முதல் வாதம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பகுதியிலுள்ள ஆதிக்குடிகளின் ம்பபரம் என்னும் மொழியை ஆராய்ந்த டிக்ஸன் என்னும் அறிஞர், அம்மொழியில் நாயைக் குறிக்கும் சொல் ‘டாக்’ என்றே இருக்கக் கண்டார். அது ஆங்கிலேயர் கொணர்ந்த சொல்லாக இருக்குமோ எனில், இல்லை. அண்டை மொழியொன்றில் நிலைத்திருந்த ‘குடகா’ என்னும் பழஞ்சொல், முதலசையும் ஈற்றுயிரும் தேய்ந்து அவ்வடிவை எய்தியது. பாரசீகத்தில் தீயது என்னும் பொருளுடைய ‘பத்’ என்பதும் ஆங்கிலத்தின் ‘பேட்’ என்பதும் இவ்வாறே. பாரசீகத்தின் இடைக்கால வடிவம் ‘வத்’. உறவுடைய சொற்களாயின் பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்க வேண்டும், இவையோ விலகுகின்றன.

எண்ணுப் பெயர்களைப் பற்றிய வாதத்தைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டும். ஆங்கில ‘வன்’ என்பதன் வகரம் பிற்காலத்து உச்சரிப்பில் நுழைந்தது; ‘அலோன்’, ‘ஓன்லி’ என்னும் சொற்களுக்குள் பழைய ஒலி இன்னும் வகரமின்றியே இருக்கிறது; பழைய ஆங்கில வடிவம் ‘ஆன்’, ஜெர்மானியத்தில் ‘ஐன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’. நமது ‘ஒன்று’ என்பதோ, ஒருவன், ஒருத்தி, ஓரிடம் முதலிய சொற்களுக்கு உடன்பிறப்பாய், கன்னடத்து ‘ஒந்து’வோடு ஒரு தாய்வயிற்றில் தோன்றியது. ‘எய்ட்’ என்பதன் மூதாதையரிடம் நடுவே ஒரு ககர ஒலி இருந்தமைக்கு லத்தீனின் ‘ஒக்தோ’ சாட்சி. தமிழ் ‘எட்டு’க்குள் மறைந்திருப்பது ணகரம், எண்பது, எண்ணூறு, எண்டிசை என்பவற்றில் அது வெளிப்படையாகவே நிற்கிறது, கன்னடத்து ‘எண்டு’வும் அதனைக் காட்டுகிறது.

இங்கே நம்மவர் கவனிக்கத் தவறும் ஓர் அபாயம் உண்டு. ஒலிச் சாயலே போதுமென்று நாம் ஒப்புக்கொண்டால், எட்டு என்பது வடமொழி ‘அஷ்ட’வின் சிதைவே என்று ஒருவர் வாதிக்குங்கால் அவரை மறுக்க நமக்கு யாதொரு வழியும் இராது, எண்பதின் ணகரத்தைக் காட்டி அவரை மறுக்கும் அதே நியாயம் ஆங்கிலத்திற்கும் பொருந்தும். 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், திராவிட மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல என்று நிறுவியபோது, அங்குமிங்கும் காணும் சாயல்களை நம்பியிராமல், இலக்கண அமைப்பையும் அடிப்படைச் சொற்களையும் ஒருசேர எடுத்துக்கொண்டே நிறுவினார்.

அம்மா, அப்பா என்பவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் உதடுகளுக்கு முதலில் கைவருவன மகரமும் பகரமும். பெற்றோர் அவ்வொலிகளைத் தமக்குரிய பெயராக ஏற்றுக்கொள்வது உலகெங்கும் நிகழ்வது. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை. நம் திராவிடக் குடும்பத்துத் துளுவிலேயே ‘அப்பெ’ தாயையும் ‘அம்மெ’ தந்தையையும் குறிக்கின்றன! கொரியரின் ‘நன்’ என்பது ‘ந’ என்னும் பெயரும் ‘நுன்’ என்னும் இடைச்சொல்லும் கலந்து சுருங்கியது. நம் ‘நான்’ என்பதன் பழைய வடிவம் ‘யான்’.

இத்தனை ஒப்புமைகளும் தற்செயலாக நிகழுமோ என்று கேட்பார்க்கு, நிகழாவிட்டாலன்றோ வியப்பு என்பேன். மனித வாய்க்கு எளிய மெய்யொலிகள் சில. குறுஞ்சொற்களோ மொழிக்கு மொழி நூற்றுக்கணக்கில் உண்டு. பொருளையும் சிறிது நெகிழ்த்திக்கொண்டால், எந்த இரு மொழிகளுக்கிடையேயும் ஒரு பட்டியல் தயாராகிவிடும்.

மெய்யான உறவு ஒழுங்குள்ள வேறுபாட்டிலே புலப்படும். தமிழின் பால், புலி, பல், பத்து என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு, ஹத்து என வரிசை பிறழாது நிற்கின்றன. ஆர்மீனியரின் ‘எர்க்கு’வும் லத்தீனின் ‘துவோ’வும் கண்ணுக்குச் சிறிதும் ஒவ்வாதிருந்தும், இரண்டு என்னும் பொருளில் ஒரே மூலத்தவை என்பது இத்தகைய ஒழுங்கினாலேயே நிரூபணமாயிற்று.

இவ்வாறு மறுப்பது தமிழின் கொடையைக் குறைப்பதாகுமோ? சோழமண்டலக் கரையில் தாம் கண்ட கட்டுமரத்தை அப்பெயராலேயே டாம்பியர் என்னும் மாலுமி 1697-இல் வெளிவந்த பயண நூலில் குறித்திருக்கிறார். சுருட்டும் கறியும் அவ்வாறே கடல் கடந்து ஆங்கிலத்தில் குடிபுகுந்தன. பொருள் சென்ற வழியும், சொல் சென்ற வழியும், எழுத்துச் சான்றும் இங்கே ஒன்றுபடுகின்றன. கொரிய மொழியோடோ ஆங்கிலத்தோடோ தமிழுக்குத் தொன்மையான சம்பந்தம் உண்டென்று கருதுவோர், பாலுக்கு ஹாலுபோல ஒலிக்கு ஒலி நிற்கும் வரிசையையேனும், கட்டுமரத்திற்கு உள்ளதுபோன்ற ஏட்டுச் சான்றையேனும் முன்வைக்கட்டும். அன்று அவர்கள் பக்கம் நின்று வாதிட நானும் சித்தமாயிருக்கிறேன்.