வேலிக்கு அந்தப் பக்கம் என்ன கட்டுகிறார்கள்?



பள்ளி விடுமுறை நெருங்கினால் வீட்டில் கிளம்பும் முதல் கேள்வி, 'எங்கே போகலாம்?' அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிள்ளைகளோடு வசிக்கும் நம் வாசகர்கள் பலருக்கு இதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. 'தீம் பார்க்குக்கு இந்த வருஷமே போய்விடலாமா, புது ரைடு வரும்வரை பொறுக்கலாமா?'

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? விஷயம் தெரிந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். வாய் ஓயாமல் பேசுகிறவர்களுக்கோ பாதிதான் தெரியும்.

பேசுகிறவர்கள் என்று நான் சொல்வது ரோலர் கோஸ்டர் ரசிகர்களை. அவர்களுடைய உழைப்பைப் பார்த்தால் உண்மையிலேயே ஆச்சரியமாக இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயரில் உள்ள ஆல்டன் டவர்ஸ் பூங்கா, தன் பெரிய ரைடுகளுக்கு 'சீக்ரெட் வெப்பன்' என்று பெயரிட்டு, வரிசையாக எண் கொடுத்து வந்தது. மூன்றாம் எண் 1994-ல் நெமிசிஸ் ஆனது. எட்டாம் எண் 2018-ல் விக்கர் மேன். ஆனால் ரகசியம் பெயரில் மட்டும்தான். அங்கே மரங்களின் உச்சிக்கு மேல் எதையும் உயர்த்திக் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. நெமிசிஸுக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்த்துப் பள்ளம் தோண்டியதே அதனால்தான். பெரிதாக எதைக் கட்டினாலும் உள்ளூர் கவுன்சிலிடம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கேட்கும் விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயரம், சத்தம் எவ்வளவு வரும் என்ற கணக்கு, எந்த மரத்தை வெட்டப்போகிறார்கள் என்பது வரை அதில் இருக்கும். ரசிகர்கள் அதை வரி விடாமல் படிக்கிறார்கள்.

அமெரிக்காவில் 200 அடிக்கு மேல் எதைக் கட்டினாலும் விமானப் போக்குவரத்துத் துறைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அந்தப் பதிவுகளையும் இவர்கள் விடுவதில்லை. சுவிட்சர்லாந்தின் பி அண்ட் எம் நிறுவனம் வடிவமைக்கும் கோஸ்டர்களின் தண்டவாளங்கள் ஒஹாயோ மாநிலத்தில் பட்டேவியா என்ற ஊரில் ஓர் இரும்புப் பட்டறையில் தயாராகின்றன. பட்டறை முற்றத்தில் புதிதாக ஒரு நிறத்தில் தண்டவாளம் அடுக்கியிருந்தால் போதும், எந்தப் பூங்காவுக்கு என்ற விவாதம் அன்றைக்கே தொடங்கிவிடும்.

அதே ஒஹாயோவில் சீடர் பாயின்ட் பூங்கா, 1991-லிருந்து ஓடிய மீன் ஸ்ட்ரீக் என்ற பெரிய மரக் கோஸ்டரை 2016 செப்டம்பரில் மூடியது. அடுத்து என்ன என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. ஆனால் மரச் சட்டத்தின் மேல் இரும்புத் தண்டவாளம் ஏறுவதை, பூங்காவுக்குள் ஓடும் சின்ன ரயிலில் உட்கார்ந்தபடியே எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். முறையான அறிவிப்பு வந்தது 2017 ஆகஸ்டில். ஊருக்கே தெரிந்ததைப் பூங்கா மட்டும் சொல்லாமல் இருந்தது. அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு வருட எதிர்பார்ப்பே ரசிகர்களுக்குத் திருவிழாவாக இருந்தது.

பொது ஆவணத்தைப் படிப்பதும் வேலி ஓரம் நின்று எட்டிப் பார்ப்பதும் தப்பா? என்னைக் கேட்டால் இல்லை. ஒரு விஷயத்தின் மேல் இவ்வளவு பிரியம் வைத்து, வரைபடம் படிக்கக் கற்றுக்கொள்கிற பிள்ளையை எந்த ஆசிரியர் வேண்டாம் என்பார்?

சரி, பூங்காக்கள் ஏன் மறைக்கின்றன? இதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1960-களின் நடுவில் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ பக்கம் யாரோ சதுப்பு நிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் வாங்கிக் குவித்தார்கள். ரீடி கிரீக் ரான்ச், டோமஹாக் பிராப்பர்டீஸ் என்று கேள்விப்படாத கம்பெனிப் பெயர்கள். யார் பின்னால் இருக்கிறார்கள்? ஃபோர்டு என்றார்கள், போயிங் என்றார்கள், கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் என்றார்கள். 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ சென்டினல் நாளிதழின் எமிலி பவர் கலிஃபோர்னியாவில் வால்ட் டிஸ்னியைச் சந்தித்தபோது நேராகவே கேட்டுவிட்டார்: அந்த நிலத்தை வாங்குவது நீங்கள்தானா? டிஸ்னி இல்லை என்றார். இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஆர்லாண்டோ ஏன் சரிப்படாது என்று காரணம் சொல்லத் தொடங்கினார். அந்த ஊரின் மழை, சுற்றுலாப் பயணிகள் வரத்து என்று விவரங்களை அடுக்கினார். அக்கறையே இல்லாத ஊரைப் பற்றி ஒரு மனிதருக்கு இவ்வளவு எப்படித் தெரியும்? எமிலி அதைப் பிடித்துக்கொண்டார். அவர் எழுதியது வெளிவந்த சில நாட்களில், மர்மப் பேர்வழி டிஸ்னிதான் என்று சென்டினல் தலைப்பிலேயே போட்டது. நவம்பர் 15-ம் தேதி ஆளுநர் ஹேடன் பர்ன்ஸ் பக்கத்தில் அமர்ந்திருக்க, டிஸ்னி முறைப்படி அறிவித்தார்.

அதற்குள் சுமார் 27,400 ஏக்கர் கைக்கு வந்துவிட்டது. சராசரியாக ஏக்கர் 200 டாலருக்கும் குறைவு. பெயர் வெளியே வந்ததும் சுற்றுவட்டார நிலத்தின் விலை எகிறியது. ஆக, அந்த ரகசியத்துக்கு டாலரிலேயே விலை உண்டு. அன்றைக்கு நிலத்தை விற்ற குடும்பங்களின் பக்கமிருந்து பார்த்தால் அது எவ்வளவு நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது. யார் வாங்குகிறார்கள் என்று தெரிந்திருந்தால் அந்த விலைக்குக் கொடுத்திருப்பார்களா?

இன்றைய காரணங்கள் வேறு. அடுத்த வருஷம் புது ரைடு வருகிறது என்று இன்றே சொன்னால், இந்த வருஷம் வரவேண்டிய கூட்டம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். இன்னொன்று, திட்டம் மாறலாம். 2019-ல் எப்காட் பூங்காவில் மேரி பாப்பின்ஸ் ரைடு வரப்போகிறது என்று டிஸ்னி மேடை போட்டு அறிவித்தது. மறு வருஷம் கொரோனா வந்தது. அந்த ரைடு கட்டப்படவே இல்லை. வீட்டில் ஒரு குழந்தையிடம் 'வாங்கித் தருகிறேன்' என்று சொல்லிவிட்டு வாங்கித் தராமல் இருந்து பாருங்கள், எத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கும்? உறுதி ஆகாததைச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை.

எனக்கு மனம் ஒப்பாத இடம் வேறு. சொல்லாமல் விடுவதோடு நிற்காமல், சொல்லாததை வைத்தே ஆசையைப் பெருக்குவது.

ஆல்டன் டவர்ஸ் பூங்காவின் ஆறாம் எண், 2010-ல் திறந்த தர்ட்டீன். இருட்டான காட்டுக்குள் ஓடும் ரயில் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து நிற்கும். ஒன்றும் நடக்காது. திடீரென்று தண்டவாளத்தோடு சேர்த்து ரயில் அப்படியே சுமார் 5 மீட்டர் கீழே விழும். பிறகு பின்பக்கமாக இருட்டில் வெளியே பாயும். உலகிலேயே இப்படி ஒரு கோஸ்டர் அதற்குமுன் இல்லை. அந்த விழும் தளத்தை அவர்கள் மறைத்ததில் எனக்குப் பூரண சம்மதம். தெரியாமல் போய் உட்கார்ந்தால்தான் வயிறு 'பக்'கென்று எழும்பும்! முதல் நாள் படம் பார்த்துவிட்டு வந்து பஸ் ஸ்டாப்பில் கிளைமாக்ஸைச் சொல்கிறவரை நாம் மன்னிப்போமா?

ஆனால் விளம்பரம் அத்தோடு நிற்கவில்லை. திகிலுக்கே திகில், சாதாரண ஆட்களால் தாங்க முடியாது என்கிற தொனியில் போயிற்று. நிஜத்திலோ அது 1.2 மீட்டர் உயரமுள்ள பிள்ளை ஏறக்கூடிய ரைடு. அந்தப் பூங்காவின் பெரிய ரைடுகளை உருவாக்கிய ஜான் வார்ட்லியே, இது குடும்பங்களுக்கான ரைடு, விளம்பரம் அளவு மீறிவிட்டது என்ற பொருளில் பிறகு பேசியிருக்கிறார். விளைவு என்ன? உச்சகட்டத் திகிலை எதிர்பார்த்து வந்த இளைஞர்கள், 'இவ்வளவுதானா?' என்றார்கள். ஏறக்கூடிய பத்து வயதுப் பிள்ளைகளின் அம்மாக்களோ விளம்பரத்தைப் பார்த்தே பயந்திருப்பார்கள்.

ரைடு வாசலில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்திருப்பீர்கள். அண்ணன் தாராளமாகத் தாண்டிவிடுவான். தங்கை குதிகாலை மெல்ல உயர்த்துவாள். ஊழியர் சிரித்துக்கொண்டே, 'காலைக் கீழே வைம்மா' என்பார். இரண்டு விரற்கடை குறைவு. அவ்வளவு தூரம் காரோட்டி வந்து, ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற அப்பா, அந்தக் குழந்தையிடம் என்ன சொல்வார்? ரைடுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கடைசிவரை மூடி வையுங்கள். அதில் யார் ஏறலாம் என்பதை மூடி வைக்க என்ன அவசியம்?

இதே ஆல்டன் டவர்ஸ் நல்ல முன்மாதிரியும் காட்டியிருக்கிறது. 1980-லிருந்து ஓடிய கார்க்ஸ்க்ரூ என்ற கோஸ்டரை 2008-ல் நிறுத்தியபோது முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்தினார்கள். சிறுவயதில் அதில் ஏறியவர்கள், தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஒரு தடவை ஏற்றிக் காட்ட முடிந்தது.

யுனிவர்சல் நிறுவனத்தின் எபிக் யூனிவர்ஸ் பூங்கா இன்னொரு விதம். 2019 ஆகஸ்டில் அறிவித்தார்கள். உள்ளே என்னென்ன உலகங்கள் என்று சொல்லவில்லை. ரசிகர்கள் வானிலிருந்து எடுத்த படங்களையும் அனுமதிப் பத்திரங்களையும் வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். 2024 ஜனவரியில் முழுப் பட்டியலையும் நிறுவனம் வெளியிட்டபோது பெரும்பாலானவை ஏற்கெனவே பேசப்பட்டவைதான். ஆனால் திறக்கும் தேதியை மட்டும் உறுதியாகும்வரை சொல்லவில்லை. 2024 அக்டோபரில்தான் சொன்னார்கள்: 2025 மே 22. சொன்ன நாளில் திறந்தார்கள். ஏழு மாத அவகாசம். லீவு போடவும் விமான டிக்கெட் பார்க்கவும் ஒரு குடும்பத்துக்கு அது போதும்.

நடுவில் அந்த ஐந்து வருஷமும் எத்தனை தேதிகள் உலவின! 'இருக்கலாம்' என்று ஒருவர் எழுதுவார். இரண்டாமவர் 'இருக்குமாம்' என்பார். மூன்றாமவர் கைக்கு வரும்போது அது தேதியோடு செய்தி ஆகிவிடும். அதை நம்பி ஹோட்டல் அறையைப் பதிவு செய்த அப்பாவுக்கு யார் பணத்தைத் திருப்பித் தருவது? ரசிக நண்பர்களிடம் நான் உரிமையோடு கேட்பது இது ஒன்றுதான். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். எந்த ஆவணத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். போகலாமா, பொறுக்கலாமா? பூங்காவே தேதி சொல்லாத ரைடுக்காக விடுமுறையைத் தள்ளிப் போடாதீர்கள். இன்று 1.2 மீட்டரை எட்டிப் பிடித்திருக்கிற பெண்ணுக்கு இன்று ஓடுகிற ரைடுகளே ஏராளம். கிளம்புவதற்கு முன் பூங்காவின் சொந்த அறிவிப்பில் இரண்டைப் பாருங்கள்: எந்த ரைடு பராமரிப்புக்காக மூடியிருக்கிறது, எதற்கு எவ்வளவு உயரம் வேண்டும். பிள்ளைகளை வீட்டுச் சுவரிலேயே நிறுத்தி, செருப்பில்லாமல் அளந்துவிட்டுப் புறப்படுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்