‘ஜலன்’ என்னும் சொல்லுக்குள் புதைக்கப்படும் நோய்

தில்லியின் புறநோயாளிப் பிரிவுகளில் ஒரு பெண் ‘பேஷாப் மே ஜலன்’ என்று சொன்னால் போதும். சீட்டில் ‘பர்னிங் மிக்சுரிஷன்’ என்று ஏறிவிடுகிறது. அதனடியில் ஓர் ஆன்டிபயாட்டிக்கும் ஏறிவிடுகிறது. இந்தியில் ஜலன் எரிச்சலையும் குறிக்கும், பொறாமையையும் குறிக்கும். தமிழின் ‘எரிச்சல்’ புண்ணுக்கும் சினத்துக்கும் பொது. இப்படிப்பட்ட சொல்லை எதிர்வினா ஒன்றும் இன்றி ஒற்றைப் பொருளில் பெயர்த்தெழுதுவது மொழிபெயர்ப்பில் வெறும் பிழை. மருத்துவத்தில் அது ஒருத்தியின் பல ஆண்டுகள்.

தொற்று இருந்தால் பெரும்பாலும் சிறுநீர் கழிக்கும்போது எரியும். இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ் என்னும் சிறுநீர்ப்பை அழற்சியிலோ பை நிரம்ப நிரம்ப வலி ஏறும், கழித்தபின் சற்றே தணியும், மீண்டும் ஏறும். இரவிலும் பலமுறை எழ வேண்டும். கல்ச்சர் பரிசோதனையில் கிருமி இராது. முட்டல், கடுப்பு, குத்தல், எரிச்சல் என நான்கையும் வேறுவேறாகச் சொல்லத் தெரிந்த தமிழ்ப் பெண்ணும் தில்லிக்கு வந்து, தெரிந்த அரைகுறை இந்தியில், எல்லாவற்றையும் ஜலனுக்குள் அடைத்துவிடுகிறாள். கேட்பவருக்கும் அதுவே வசதி.

நோயின் வரலாறும் பெயர்களால் கெட்ட வரலாறுதான். 1915இல் பால்டிமோர் மருத்துவர் கை ஹன்னர் இதைப் பெண்களின் ‘அரிய வகை’ச் சிறுநீர்ப்பைப் புண் என்று எழுதினார். புண் என்றது பொருந்தவில்லை என்று பிற்காலத்தார் அதைக் கைவிட்டனர். ‘அரிய’ மட்டும் ஒட்டிக்கொண்டது. 1958இல் ஓர் உளமருத்துவ இதழ் இந்நோயையும் மசோகிசத்தையும் ஒரே தலைப்பில் இணைத்துக் கட்டுரை வெளியிட்டது: வலியை நோயாளியே விரும்புகிறாளாம்! ஆராய்ச்சிக்கென 1987இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அளவுகோலைப் பலர் நோயறிதலுக்கும் எடுத்தாண்டனர். அனுபவமுள்ள மருத்துவர்கள் இந்நோய் என்று கருதியவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரை அந்த அளவுகோல் வெளியே தள்ளுகிறது என்று 1999இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சல்லடையின் கண்ணை மாற்றிவிட்டு மணி அரிது என்று சொல்வதில் என்ன நேர்மை?

மறுதரப்பின் வாதம் அற்பமானதன்று. இந்தியாவில் சிறுநீர்ப்பைக் காசநோயும் இதே முகத்தோடு வரும். அதை விலக்காமல் வேறு பெயர் சூட்டுவது ஆபத்து. புற்றுநோயையும் விலக்க வேண்டும். ஆனால் விலக்குவது என்றால் அதிகாலைச் சிறுநீரைச் சோதிப்பது, செல்களைப் பார்ப்பது, சிஸ்டோஸ்கோப்பியில் உள்ளே நோக்குவது. சான்று எதுவுமின்றிக் காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கவைப்பது விலக்கல் ஆகாது. கிருமி இல்லையென்று கல்ச்சர் சொன்ன பின்னும் அடுத்த ஆன்டிபயாட்டிக் எழுதுவதற்கோ எந்த வாதமும் இல்லை. இந்நோய்க்கு நீண்டகால ஆன்டிபயாட்டிக் கூடாதென்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. (ஆண்கள் கதை வேறு: அவர்கள் புராஸ்டேட் கணக்கில் காணாமற்போகிறார்கள்.)

உள்ளே நோக்கினால் சிலருக்கு ஹன்னர் புண்பகுதி தென்படும். அதைச் சுட்டாலோ அங்கே ஸ்டீராய்டு ஊசி போட்டாலோ பலருக்கு வலி பெரிதும் குறைகிறது. மற்றவர்க்கு உணவுமாற்றம், இடுப்புத்தளத் தசைக்கான பிசியோதெரபி, அமிட்ரிப்டிலின், பைக்குள் செலுத்தும் மருந்துகள் எனப் படிப்படியான வழிகள் உண்டு. முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை, மட்டுப்படுத்தலாம். 1996இல் அமெரிக்கா ஒப்புதலளித்த பென்டோசான் விழித்திரையைக் கெடுக்கக்கூடும் என்ற அறிக்கைகள் 2018 முதல் வருகின்றன. அதை எழுதுகிறவர் கண் பரிசோதனையையும் சேர்த்து எழுதக் கடமைப்பட்டவர்.

‘நேரம் இல்லை’ என்பதே கடைசி மறுப்பு. இரண்டு நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்பும் நெருக்கடி உண்மை. ஆயினும் எத்தனை முறை, எவ்வளவு, கழிக்குமுன் வலி எவ்வளவு என்று மூன்று நாள் குறித்துவரச் சொல்லும் தாளுக்கு மருத்துவரின் நேரம் எங்கே செலவாகிறது? எழுதுபவள் நோயாளி. தில்லி அரசின் இலவசப் பயணத் திட்டத்தில் பேருந்தேறி, இறங்குமிடத்தில் கழிப்பறை இருக்குமா என்று கணக்கிட்டு, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பவள். எழுதத் தெரியாதவளென்றால் கோடு போடட்டும். அந்தத் தாளைத்தான் இன்னும் யாரும் அவளிடம் கொடுக்கவில்லை.