பிடரி நோவும் அதிர்ச்சி அலையும்

விடியற்போதில் வானகரத்து மீன் மொத்த அங்காடிப் பக்கம் சென்றோர், பனிக்கட்டி நிறைந்த பெட்டிகளைச் சுமந்து விரையும் தொழிலாளரைக் கண்டிருப்பர். சற்று வடக்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், கடைசல் யந்திரத்தின்முன் குனிந்து நிற்போரும் கணிப்பொறியின்முன் குனிந்து அமர்வோரும் பலர். தொழில் வேறாயினும் மாலையில் இவர்க்கு நோவது ஓரிடமே. பிடரியினின்று தோள்வரை படர்ந்த தசை. கல்லூரியிற் பயில்வோரும் பயிற்றுவோருமாகிய நாமும் இவ்வினத்திற் சேர்ந்துவிட்டோம். நமது சுமை கைப்பேசி.

இந்நோவுக்கு அதிர்ச்சி அலைச் சிகிச்சை என்னும் முறை இப்போது சென்னையிலும் அதன் புறநகர்களிலும் வழங்கி வருகின்றது. ‘ஷாக்’ என்ற சொல்லைக் கேட்டதும் மின்சாரம் பாய்ச்சுவர் போலும் என்று அஞ்சுவாருளர். அவ்வச்சம் வேண்டா, இஃது ஒலியைப் போன்றதோர் அழுத்த அலையே. ஒலியினும் விரைந்து செல்லும் விமானத்தின்மீது மழைத்துளி மோதுவதால் நேரும் சேதத்தை ஜெர்மனியில் டோர்னியர் என்னும் விமானக் கம்பெனியார் ஆராய்ந்ததன் வழியே இது வைத்தியத்திற்கு வந்தது. 1980 பிப்ரவரியில் மியூனிச் நகரில் கிறிஸ்டியன் சௌசியும் அவர் துணைவரும் கத்தியின்றியே ஒருவரின் சிறுநீரகக் கல்லை இவ்வலையால் நொறுக்கினர். எலும்பு, தசைநார் நோய்களுக்கும் பின்னர் இது பரவிற்று. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு குதிகால் நோவுக்கு அரசாங்க ஒப்புதல் கிடைத்தது.

ஆயினும் கழுத்துத் தசைக்குப் பெரும்பாலும் வழங்குவது கல்லுடைத்த அவ்வலையன்று. அமுக்கிய காற்று ஒரு சிறு குண்டைக் குழலினுள் உந்த, அது முனையை மோதுகின்றது. அம்மோதல் தோல்வழியே தசையுட் பரவுகின்றது. ஒரு வேளைக்கு ஏறக்குறைய 2000 மோதல். வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து வேளை செய்வது வழக்கம். கன்னார் தெருவில் கேட்கும் தட்டொலியை நம் தோள்மீதே கேட்பது போலிருக்கும்.

இதனாற் பயனில்லை என்று நாம் கூறோம். சில வாரங்களுக்கு நோவு தணிவதைச் சிறு ஆராய்ச்சிகள் பல காட்டியுள்ளன. ஆனால் ஊசிமுறை முதலிய பிற சிகிச்சைகளை இது தெளிவாக வென்றதென்று சொல்லுதற்கில்லை. நமது வழக்கு யந்திரத்தோடன்று, அதனை வாங்கும் மனப்பான்மையோடேயாம். நம் நண்பரொருவர் பத்து வேளைக்குரிய பணத்தை முன்னதாகக் கட்டினார். எங்ஙனம் அமர்கின்றீர், எத்தனை நாழிகை குனிகின்றீர் என்று அவரை எவரும் வினவவில்லை, அவரும் கூறவில்லை. இரண்டு திங்களில் நோவு திரும்பிற்று.

திரும்பாமல் என் செய்யும்? தலை நாலைந்து கிலோ எடையுள்ளது. அதனை 60 பாகை குனிந்தால் கழுத்தின்மீது விழும் பாரம் ஏறக்குறைய 27 கிலோ என்று 2014-இல் நியூயார்க்கு அறுவை வைத்தியர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். கணக்கு முற்றும் சரியோ அன்றோ, திசை சரியே. டென்மார்க்கில் 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், அடிக்கடி கழுத்து நோவுற்ற 198 பேரை வகுத்து, சிலர்க்கு நாடோறும் 2 நிமிடமும் சிலர்க்கு 12 நிமிடமும் இரப்பர்க் குழலை இழுத்துத் தோள் உயர்த்தும் பயிற்சி தந்தனர். பத்து வாரத்தில் இரண்டே நிமிடம் செய்தவர்க்கும் நோவு குறைந்தது. இரப்பர்க் குழலுக்கு விளம்பரம் செய்வார் இலர். ஆதலின் அது நம் செவிக்கு எட்டவில்லை.

இன்னொன்று. எல்லாத் தோள் நோவும் தசை நோவன்று. நடக்கையில் இடத்தோள் நொந்து மார்பு இறுகினால் அது இதய நோயாகலாம். கை மரத்து வலுவிழந்தால் நரம்பு நோயாகலாம். இவர்கள் நாட வேண்டுவது மருத்துவரையே, யந்திரத்தையன்று. கருவுற்றோர், இரத்தம் உறையாமைக்கு மருந்துண்போர், அவ்விடத்திற் புற்றுக்கட்டியுடையோர் ஆகியோர்க்கு இச்சிகிச்சை ஆகாது. தோளின் கீழே நுரையீரலின் முனை இருத்தலின், கருவியைப் பிடிக்கும் கை பயின்ற கையாதல் வேண்டும்.

நிற்க. மேலே கூறிய இரண்டு நிமிடப் பயிற்சி நமக்குப் பொருந்தும். மீன் பெட்டி சுமப்பவர்க்குப் பொருந்தாது. அவரிடம் நிமிர்ந்து நில் என்பது பரிகாசமாகும். வாரந்தோறும் சிகிச்சைக்குச் செல்ல ஒரு நாட்கூலியை அவர் இழத்தல் வேண்டும். ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவை மிஞ்சலாகாதென்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-இலேயே பரிந்துரைத்தது. அவர் கழுத்துக்கு உரிய மருந்து அப்பெட்டியின் எடையைக் குறைப்பதும், அதனைத் தள்ளிச் செல்ல ஒரு சக்கரவண்டியும், லாரித் தட்டின் உயரத்திற்கொத்த ஒரு மேடையுமேயாம். இவற்றுக்கு ஆகும் செலவை அங்காடியை நடத்துவோரும் அங்கு வாங்கி உண்போராகிய நாமுமே ஏற்றல் வேண்டும்.