கூழுக்குத் துணை

ஆடி பிறந்துவிட்டால் மலேசியாவில், எங்கள் ஆயர் தாவார் பக்கம் கூழுக்குத் திடீர் மரியாதை வந்துவிடும். கோயிலில் கூழை வாங்கிக் குடித்தபடியே, "கேழ்வரகுல எவ்வளவு இரும்பு இருக்கு தெரியுமா?" என்று பாடம் எடுக்க ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் சொல்வதில் பொய்யில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 4 மில்லிகிராமுக்குச் சற்று மேலே இரும்பு உண்டு. சுண்ணாம்புச்சத்து ஏறக்குறைய 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் அது பத்தைக்கூடத் தொடாது.

ஆனால் தானியத்தில் இருக்கிற இரும்பெல்லாம் இரத்தத்துக்குப் போய்விடாது. தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலமும் மேல்தோலிலுள்ள டானினும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்தால் பிடி கொஞ்சம் தளரும். இன்னும் தளர்த்த வைட்டமின் சி வேண்டும். அது அதே வேளைச் சாப்பாட்டில் சேர்ந்தால் உடம்பு ஏற்கும் இரும்பு இரண்டு மூன்று மடங்குகூட ஆகலாம். காலையில் கூழும் மாலையில் கொய்யாவும் என்றால் இந்தப் பலன் இல்லை.

கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துச் சாப்பிடவில்லை. கூழுக்குக் கடித்துக்கொள்ள ஏதாவது புளிப்பாக வேண்டும், அவ்வளவுதான். லயத்துக் கொல்லையில் தானாக முளைத்த கொய்யா, புளிக்கிற பிளிம்பிங் காய், எங்காவது ஒரு நெல்லி. (மலாக்காவை நிறுவிய பரமேசுவரன் சாய்ந்து நின்றதாகக் கதை சொல்லும் மலாக்கா மரம் நம் நெல்லிதான்.) பிள்ளைகளுக்கு நாக்கை ஊதாவாக்கும் செண்டுடுக் பழம். நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி சுமார் 200 மில்லிகிராம். நெல்லியில் அதைவிடக் கூடுதல். கூழுக்கு ஒரு கீற்று கொய்யா போதும்.

ஆப்பிரிக்காவில் இதையே கஞ்சிக்குள் கலந்துவிடுகிறார்கள். பாவோபாப் காயின் உலர்ந்த வெள்ளைச் சதையைப் பொடித்துக் கம்பங்கஞ்சியிலும் சோளக்கஞ்சியிலும் கரைப்பார்கள். மன்னாரில் பெருக்கமரம் என்று நிற்பது அதே மரம்தான். 2008-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பொடியை உணவாக அனுமதித்தது. அதன்பிறகு அழகான புட்டிகளில் நல்ல விலைக்குப் போகிறது. பொடியைச் சூடு ஆறியபின் சேர்ப்பது நல்லது. கொதிக்கவிட்டால் வைட்டமின் சி குறைந்துபோகும். வெயிலில் வாட்டி மாதக்கணக்கில் ஊறிய நார்த்தங்காய்க்கும் இதே கதிதான். நாக்குக்கு அது சொர்க்கம், இரும்புக்கு அதனால் பெரிய உதவியில்லை.

கூழ் குடித்த கையோடு கெட்டியாக ஒரு தே ஊற்றிக் குடிக்கும் பழக்கம் இதையெல்லாம் கெடுத்துவிடுகிறது. தேயிலை டானினும் இரும்பைக் கட்டிப்போடும். 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தச்சோகை. சத்துமாவு டப்பாவில் அச்சிட்ட இரும்புக் கணக்கை மட்டும் நம்பி அவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்காகத் தோட்டத்துக்குள் போய்ப் பழம் பறிக்கச் சொல்லவில்லை. கித்தா போய் செம்பனை வந்த இடங்களில் களைக்கொல்லி அடிக்கிறார்கள். பாராகுவாட்டை 2020-இல் தடை செய்தாலும் மற்ற மருந்துகள் இருக்கத்தானே செய்கின்றன? பாசாரில் கொய்யா கிடைக்கிறது. அடுத்த ஆடிக்குக் கூழ் ஊற்றும் கோயில்காரர்கள் வெங்காயத்தோடு கொய்யாவையும் நறுக்கி வைக்கலாம். தே வாளியை ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுக்கலாம்.