விண்ணப்பம் எழுதத் தொடங்கும் நாள் எது?

ஆண்டுதோறும் மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளிவரும் மே திங்களில், கல்லூரிச் சேர்க்கை மேசையில் அமரும் பொறுப்பு நம் துறைக்கும் வந்து சேர்கிறது. வேப்பமர நிழலில் நீளும் அவ்வரிசையைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றோம். மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்தி வியர்வை வழிய நிற்கும் மாணவனிடம், “எந்தப் பாடம் படிக்க விரும்புகிறாய்?” என வினவினால், அவன் திரும்பித் தன் மாமாவின் முகத்தைப் பார்க்கிறான். மாமாவோ, “எது கிடைக்கிறதோ அதைக் கொடுங்கள் சார்” என்கிறார். அவ்விடையில் பணிவு இருக்கிறது. ஆயினும் பதினேழு வயது இளைஞன் ஒருவனின் வருங்காலம் அந்த ஒரு சொல்லில் அடகு வைக்கப்படுவதை நாம் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கல்லூரி விண்ணப்பம் என்பது தேர்வு முடிவுக்குப் பின்னர் எழுதப்படுவது என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றியுள்ளது. ஒரு காலத்தில் அது பொருந்தியிருக்கலாம், இன்று பொருந்தாது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு 2022 முதல் டிசம்பர் திங்களிலேயே நடைபெறுகிறது. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் முதற்சுற்று சில ஆண்டுகளாகச் சனவரியில் அமைகிறது. மருத்துவத்திற்கு 2017 முதல் தமிழகத்திலும் நீட் தேர்வே வழி. பொதுத்தேர்வு முடிவு வருமுன்பே அதற்கு விண்ணப்பிக்கும் நாள் கடந்துவிடுகிறது. மே திங்களில் விழித்தெழும் குடும்பத்திற்கு இத்தகைய கதவுகள் இருந்தன என்பதே தெரிவதில்லை. எல்லோரும் அவ்வழிச் செல்லவேண்டும் என நாம் கூறவில்லை. அறிந்து விலக்குவது வேறு, அறியாமல் இழப்பது வேறு.

இனி, ஆவணங்கள். நம்மவர் பெயர்களில் உள்ள சிக்கலைத் தமிழாசிரியர் என்ற முறையில் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரைத் தமிழில் முகமது, முகம்மது, முஹம்மது எனப் பலவாறு எழுதுகிறோம். ஆங்கில எழுத்துக்கூட்டலோ வீட்டுக்கு வீடு மாறும். இரட்டைப் பெயரைச் சேர்த்தெழுதுவதா பிரித்தெழுதுவதா, தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா என்பதிலும் ஒருமை இல்லை. பள்ளியில் ‘பானு’வாக இருப்பவர் ஆதார் அட்டையில் ‘பேகம்’ ஆகிவிடுகிறார். இலக்கண வகுப்பில் இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று சிரித்துக் கடந்துவிடலாம். கணினி அவ்வாறு கடந்து போவதில்லை. பள்ளியிலிருந்து தேர்வுத் துறைக்குச் செல்லும் பெயர்ப் பட்டியல் பத்தாம் வகுப்பிலேயே பெற்றோர் பார்வைக்கு வருகிறது. நாம்தான் அதைப் படித்துப் பாராமல் கையொப்பமிட்டு அனுப்பிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கடற்கரையூர் ஒன்றிலிருந்து ஒரு மாணவி நம்மிடம் வந்தாள். இயற்பியலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பெற்றவள். அரசுக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் படிக்க விண்ணப்பித்திருந்தாள். பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து 3.5 விழுக்காடு, 2007ஆம் ஆண்டில் முஸ்லிம்களுக்கெனத் தனியே பிரித்தளிக்கப்பட்டதைப் பலரும் அறிவர். ஆனால் அவ்வொதுக்கீட்டைப் பெற ‘முஸ்லிம்’ என்ற ஒரு சொல் போதாது. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்கினி முஸ்லிம், துதேகுலா, மாப்பிள்ளை, அன்சார், ஷேக், சையத் எனப் பட்டியலில் உள்ள பிரிவுகளுள் ஒன்றைச் சார்ந்தவர் என்னும் சான்று வேண்டும். அம்மாணவியின் பள்ளி ஆவணங்களில் ‘இஸ்லாம்’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. பிரிவை மெய்ப்பிக்க வாப்பாவின் பள்ளிச் சான்றிதழ் தேவைப்பட்டது. வாப்பாவோ சபுரில், சான்றிதழ் எந்தப் பெட்டியில் உள்ளதென்று உம்மாவுக்குத் தெரியவில்லை. தேடி எடுத்துக் கொடுத்துச் சாதிச் சான்றிதழ் கைக்கு வந்தபோது, கலந்தாய்வு முடிந்து பத்து நாள்கள் ஆகியிருந்தன. ஒருமுறை பெற்றால் எந்நாளும் செல்லத்தக்க சான்றிதழ் அது. ஒன்பதாம் வகுப்பிலேயே வாங்கி வைத்திருக்கலாம்.

அவள் தமிழ்த் துறையில் சேர்ந்தாள். யாப்பு வகுப்பில் அவளைப்போல் விரைந்து சீர் பிரித்தவர் அவ்வாண்டில் எவருமிலர். நமக்கு ஆதாயமே. ஆயினும் ஒருநாள் மாலை, இயற்பியல் ஆய்வகத்தின் சாளரத்தருகே அவள் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருக்கக் கண்டோம். நாம் எதுவும் கேட்கவில்லை.

வெளிப்படையாகச் சொல்வதாயின், நம் துறையின் இருக்கைகளில் ஒரு பகுதி இவ்வாறே நிரம்புகிறது. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்க்கு இங்கே இடமுண்டு என்னும் பெயர் தமிழுக்குப் பெருமை சேர்ப்பதன்று. தமிழைத் தேர்ந்து வரும் பதின்மர், வேறு வழியின்றி வரும் அறுபதின்மரினும் மேலானவர் என்பது நம் கருத்து. துறைத்தலைவர் இவ்வரியைப் படித்து முகம் சுளிக்கக்கூடும்; மாணவர் எண்ணிக்கை குறைந்தால் பணியிடமும் குறையும் என்பதை நாமும் அறியாதவர் அல்லர்.

இறுதியாண்டில் நம் பிள்ளைகள் உழைக்கவில்லை என எவரும் கூற முடியாது. ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் தனிப்பயிற்சி. இரவு இஷாவுக்குப் பின்னும் தனிப்பயிற்சி. கணிதத்திற்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200க்குக் கட்-ஆஃப் எவ்வளவு என்று வீட்டிலுள்ள தம்பிகூடக் கணக்கிட்டுச் சொல்வான். என்ன படிக்கப் போகிறோம் என்ற பேச்சுக்குத்தான் நேரம் ஒதுக்கப்படவில்லை. அயல்நாட்டிலிருந்து பேசும் தந்தை மதிப்பெண்ணைக் கேட்கிறார். மகனின் விருப்பத்தைக் கேட்பதில்லை. பெண்பிள்ளைகள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. படிக்க அனுப்புவதா வேண்டாவா என்னும் கேள்வியே மே வரை ஒத்திவைக்கப்படுகிறது. மாப்பிள்ளை பார்க்கும் வேலை மட்டும் டிசம்பரிலேயே தொடங்கிவிடுகிறது!

வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இலும், சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இலும் தோன்றின. கல்லூரி எழுப்பிய பெரியோர் வாயிலைத் திறந்து வைத்தனர். அவ்வாயில் வரை பிள்ளைகளை ஆயத்தத்தோடு அழைத்து வரும் பணியை ஏற்க ஆளில்லை. பள்ளி அதைக் கல்லூரியின் வேலை என்கிறது. கல்லூரியோ பெற்றோரைச் சுட்டுகிறது. பெற்றோர் இணையச் சேவை நிலையத்துப் பையனை நம்பியிருக்கின்றனர்.

ஜமாஅத் பெரியோர்களிடம் நாம் வேண்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. அரையாண்டுத் தேர்வை ஒட்டிய இரண்டு வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்குப் பின் மதரஸாக் கூடத்தைத் திறந்து வையுங்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தத்தம் ஆவணங்களோடு வரட்டும். பெயர் ஒத்திருக்கிறதா, சாதிச் சான்றிதழ் உள்ளதா, குடும்பத்தில் பட்டதாரி எவருமில்லையெனில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தாயிற்றா எனப் பார்ப்போம். தொழிற்படிப்புக் கலந்தாய்வில் அச்சான்றிதழுக்கான கட்டணச் சலுகை 2010இல் ஏற்பட்டது. அதை அறியாது முழுக் கட்டணம் செலுத்தியவர்களை நாம் கண்டுள்ளோம். பின்னர் ஒவ்வொரு பிள்ளையிடமும், வாப்பா மாமா எவரும் குறுக்கிடாமல், அவன் அல்லது அவள் விரும்புவது எது எனக் கேட்டு எழுதிக்கொள்வோம்.

தாய்மார் வந்தமரவும் தனியிடம் வேண்டும். பெரும்பாலான இல்லங்களில் ஆவணப் பெட்டியின் சாவி அவர்களிடமே உள்ளது. மற்றபடி ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போதும். அழைக்கும் மஹல்லாவுக்கு வர நம் துறை ஆசிரியர் இருவர் இப்போதே இசைந்துள்ளனர்.